ஆறாவது கட்டையைத் தொடவில்லை

திங்கட்கிழமை காலை மணிமாறன் வந்தபோது, கோகிலவாணி நொறுங்கிய லாரி ஒன்றின் படங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்துக்குள்ளான வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். இருபத்தாறு ஆண்டுகளில் நாமக்கல்லின் பாதி லாரிகளை அவர் நசுங்கிய நிலையில் பார்த்திருந்தார். யார் பொய் சொல்கிறார்கள் என்பதைத் தகரத்தின் மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அதனால் லாரி இல்லாதவர்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

"ஏனுங்க, உள்ள வாங்க" என்று வரவேற்றவர் அவருடைய கணவர் தனபால். கோழிப்பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவிக்குக் கார் ஓட்டுவதும் வழக்குகளுக்குத் தாமாகவே விடை கண்டுபிடிப்பதுமாக நாளைக் கழிப்பவர். அந்த விடைகள் எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை. அதற்காக அவர் சோர்ந்ததும் இல்லை.

மணிமாறன் சேந்தமங்கலத்தில் 'மலையடி மெல்லிசைக் குழு' நடத்துபவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"எங்க ஆர்கன் பொட்டியக் கெடுத்துப்போட்டாங்க அம்மணி. அமெரிக்காவுல செஞ்சது. அறுவது வருசம் பழசு. வெள்ளிக்கிழமை சென்னையில இருந்து பாட்டுப் பதிவு பண்ண வாராங்க. நேத்து ஒத்திகையில அதை வாசிக்கற காளிதாஸ் ஐயா உக்காந்து கட்டைய அமுத்துறாரு, ஒலி எல்லாம் மாறிப்போயிக் கெடக்குது. அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. ஒரு பாட்டுக்கூட பாடலை. ஒத்திகை அப்படியே நின்னு போச்சு."

"எதையாவது திருடிட்டுப் போனாங்களா?"

"ஒரு திருகாணி கூடப் போகலீங்க. பின்னாடி இருக்கற ஒயரைத்தான் மாத்தியிருக்காங்க. யாருன்னும் தெரியும். சௌந்திரம்னு, லாரிக்கு ஒயரிங் பண்ற பொம்பளை. ரெண்டு மாசம் முன்ன பொட்டிய ரிப்பேர் பண்ணுனதும் அவதான், சனிக்கிழமை காலையில பொட்டி மோட்டாருக்கு எண்ணெய் உடறேன்னு வந்து பின்பக்கத்தைத் திறந்ததும் அவதான். அவ வேலை செய்யற பட்டறையில சொல்லிப்போட்டேன். நீங்க ஒரு அறிக்கை எழுதிக் குடுத்தீங்கன்னா போலீசுல குடுத்துருவேன்."

"அந்த மண்டபத்துச் சாவி?"

"கீழ டயர்க் கடையில இருக்கும். குழுவுல யாரு வேணும்னாலும் வாங்கிக்கலாம். ஆனா ஒயரிங் தெரிஞ்சவ அவ ஒருத்திதானுங்க." மணிமாறன் பெருமூச்சு விட்டார். "இந்த ரெண்டு மாசமாவே நேரம் சரியில்லை. எங்க பாட்டுக்காரப் புள்ளை இலக்கியாவுக்கும் குரல் எடுபட மாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்கு ஈரோட்டுல ஒரு புள்ளையச் சொல்லி வெச்சிருக்கேன். இலக்கியாகிட்ட இன்னும் சொல்லலை."

கோகிலவாணி லாரிப் படங்களை அடுக்கி உறையில் போட்டார். "மாறின ஒலி மோசமா இருந்துச்சுங்களா?"

மணிமாறன் விழித்தார். "அது... மாறிப்போச்சுங்களே!"

"சரி, போய்ப் பார்க்கலாம்" என்று எழுந்தார் வாணி.

சேந்தமங்கலத்தில் டயர்க் கடைக்கு மேலே இருந்தது ஒத்திகை மண்டபம். சன்னல் வழியே கொல்லிமலை தெரிந்தது. நடுவில், பெரிய எழுத்துமேசை போன்ற மரப்பெட்டியில், இரண்டு அடுக்குக் கட்டைகளோடு ஆர்கன் நின்றது. அதன் முன்னே, நெற்றி நிறைய விபூதியோடு, காளிதாஸ் கைகட்டி நின்றார். அறுபத்தெட்டு வயது. நாமகிரிப்பேட்டையிலிருந்து மேச்சேரி வரை அவர் வாசிக்காத திருவிழா இல்லை.

"எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க ஐயா. வண்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார் வாணி.

காளிதாஸின் முகம் சற்று இளகியது. கட்டை வரிசையின் இடக்கோடியைக் காட்டினார். அங்கே எட்டுக் கட்டைகள் மட்டும் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தன.

"இந்த எட்டும் சுரம் பேசாதுங்க. ஒவ்வொண்ணும் ஒரு தயார் ஒலி. ஒண்ணை அமுத்துனா புல்லாங்குழல் மாதிரி, இன்னொண்ணு கோயில் மணி மாதிரி. அமுத்திட்டு அந்தப்பக்கம் வாசிக்க வேண்டியதுதான். என்ன ஒலி வரோணும்னு தீர்மானிக்கறது பின்னாடி இருக்கற ஒயருங்க."

பின்பலகையைக் கழற்றினார். உள்ளே பித்தளைப் பட்டைகள் குறுக்காக ஓடின. ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண், பூஜ்யம் முதல் எட்டு வரை. ஒவ்வொரு கறுப்புக் கட்டையிலிருந்தும் ஒன்பது நிறத்தில் ஒன்பது ஒயர்கள் வந்து அந்தப் பட்டைகளில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தன.

"ஒரு சுரத்தை அமுத்துனா, அதுக்குள்ள ஒம்பது சுரம் ஒண்ணா கெளம்புதுங்க. பழுப்பு ஒயர் அடி ஒலி. மேல போகப் போக மெலிசு. எந்த ஒயரை எந்த எண்ணுல திருகறமோ அந்த அளவுக்குச் சத்தம். இருவத்தஞ்சு வருசம் முன்ன நான் என் கையால வெச்சது. அப்பவே பொட்டிக்குத் தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சு. அதனால பச்சையும் நீலமும் நல்லா தூக்கி வெச்சேன். மூணாவது கட்டைக்குப் பச்சை ஏழு, நீலம் ஏழு. நாலாவதுக்கு எட்டு, ஆறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

வாணி செல்பேசி விளக்கை அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். பல திருகாணிகளைச் சுற்றி வெள்ளை நூல் கட்டப்பட்டிருந்தது. ஒயர் இல்லாத திருகாணிகள் அவை. எண்ணினார். பதினான்கு. நூலின் இரண்டு முனைகளும் சேர்ந்த இடத்தில் முடிச்சைக் காணவில்லை. முறுக்கி ஒன்றாக்கியிருந்தார்கள். வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு நூலைத் துடைத்தபோது சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டிக்கொண்டது.

தனபால் மனைவியின் காதருகே குனிந்தார். "வாணி! விபூதி! அந்தாளு நெத்தியப் பாத்தியா? வேலை முடிஞ்சுது!"

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் வாணி. பிறகு காளிதாஸிடம், "எட்டையும் ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

காளிதாஸ் மனமில்லாமல் உட்கார்ந்தார். முதல் ஐந்தையும் வாசித்துத் தலையை ஆட்டினார். ஆறாவதில் அவர் விரல்கள் நின்றன. மீண்டும் வாசித்தார்.

"இது... மாறலீங்க. அப்படியே இருக்குது. நேத்து கோவத்துல இதை அமுத்தவே இல்லை."

"இதை எந்தப் பாட்டுக்கு வாசிப்பீங்க?"

"பாட்டுக்கு இல்லீங்க. கச்சேரி தொடங்கறப்ப நான் தனியா அஞ்சு நிமிசம் வாசிப்பேன். அதுக்கு மட்டுந்தான்."

"மாறின ஏழும் மோசமா இருக்குதுங்களா?"

காளிதாஸ் ஏழாவதிலும் எட்டாவதிலும் ஒவ்வொரு வரி வாசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது முகத்திலேயே தெரிந்தது. "மோசம்னு சொன்னா நாக்கு அழுகிப்போகுமுங்க. ஆனா இது என்னோடது இல்லை."

அங்கிருந்து சௌந்திரத்தைப் பார்க்க நாமக்கல் திரும்பினார்கள். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில், பாதி முடிந்த வண்டி ஒன்றின் நிழலில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, காக்கிச் சட்டை.

"மணிமாறன் வந்து சொல்லிட்டுப் போனதுல இருந்து மொதலாளி புது வண்டியில கை வெக்க வேண்டாம்னுட்டாருங்க" என்றார். குரலில் அழுகை இல்லை, கோபம்தான். "பதினெட்டு வருசமா ஒயரிங் பண்றேன். நான் பண்ணுன வண்டி ஒண்ணு ரோட்டுல நின்னதுன்னு யாராச்சும் சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்."

வாணி அந்த வண்டியின் முகப்பை எட்டிப் பார்த்தார். நூற்றுக்கணக்கான ஒயர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டுத்தாள் சுற்றி, பேனாவால் எண் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

"ரெண்டு மாசம் முன்ன ஆர்கன்ல என்ன பண்ணுனீங்க?"

"உள்ள பாதிச் சாமான் காஞ்சு போயிருந்துச்சுங்க. அதே அளவுல புதுசு வாங்கி மாத்துனேன். போட்டு அமுத்துனதும், அடேங்கப்பா! மூக்கடைப்பு உட்ட மாதிரி கணீர்னு வந்துச்சு. காளிதாஸ் ஐயா கண்ணுல தண்ணி. எட்டுக் கட்டை ஒயருல நான் கையே வெக்கலீங்க. அது அவரு வெச்சது. அதுல நான் என்னத்தைச் சொல்ல?"

காரில் ஏறியதும் தனபால் முழங்கினார். "காளிதாஸ்தான்! புதுப்பொலிவு வந்த பொட்டி பிடிக்கல. பழிய இந்தம்மா மேல போட்டுட்டாரு."

"அவரே வெச்ச எடம் அவருக்கு மனப்பாடம். அடையாளத்துக்கு நூல் எதுக்குக் கட்டோணும்?"

தனபால் கார்ச் சாவியைத் திருகினார். "அப்ப சௌந்திரம்?"

"அவங்க அடையாளம் வெக்கற விதத்தை இப்பத்தான் பாத்தோம். வண்டிய வெண்ணந்தூருக்கு உடுங்க. அந்தப் பாட்டுக்காரப் புள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

இலக்கியா வேலை செய்யும் தறிப்பட்டறை வெண்ணந்தூரின் ஒரு சந்தில் இருந்தது. இருபது விசைத்தறிகளின் இரைச்சலில் தனபால் பேசியது அவருக்கே கேட்கவில்லை. நின்றிருந்த தறி ஒன்றின் முன்னால் இலக்கியா காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பழைய பாவு, அதாவது நீளவாக்கு நூல், தீர்ந்த தறியில் புதுப் பாவின் இழைகளை இணைத்துக்கொண்டிருந்தாள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று. நிறம் தவறாமல், வரிசை தவறாமல், ஆயிரக்கணக்கில். முழங்காலருகே ஒரு தகர டப்பா. அவ்வப்போது விரலை அதில் தொட்டுக்கொண்டாள். அவள் விரல்கள் போன வேகத்தை வாணி வியப்போடு பார்த்துக்கொண்டே நின்றார். கண் பின்தொடர முடியாத வேகம். ஆனால் ஒரு இழைகூடத் தப்பவில்லை.

தனபால் டப்பாவைக் காட்டி, "சுண்ணாம்புங்களா?" என்று கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் வாணி விஷயத்தைச் சொன்னார். ஆர்கனில் யாரோ கை வைத்துவிட்டார்கள், மணிமாறனின் சந்தேகம் சௌந்திரத்தின் மேல், பட்டறையிலும் அவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

இலக்கியாவின் முகம் வெளுத்தது. "அக்காவையா? ஏனுங்க, ரெண்டு இழைய நகத்துனதுக்கா அக்கா மேல பழி போடறாங்க?"

வாணி அவளை நிதானமாகப் பார்த்தார். "புதன்கிழமை மத்தியானம் மண்டபத்துக்கு வரமுடியுமா கண்ணு? எல்லாரும் வாராங்க."

"வாரேனுங்க" என்றாள். பிறகு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அன்னைக்குச் சொல்லு சாமி. இப்ப வேண்டாம்" என்றார் வாணி.

புதன்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் ஆறு பேர் இருந்தார்கள். மணிமாறனைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்காரச் சொன்னார் வாணி. "கண்ணை மூடிக்குங்க. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது. ஐயா, மூணாவது கட்டைய அமுத்திட்டு உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு வாசிங்க. இலக்கியா, பாடு."

மணிமாறனுக்குப் பொறுமையில்லை. ஆனாலும் மூடினார்.

இலக்கியா பாடினாள். ஆர்கன் கீழே அகலமாகப் படர்ந்து நிற்க, அவள் குரல் அதன்மேல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, தனியாக நடந்து வந்தது. ஓர் அடி முடிந்ததும் வாணி கையை உயர்த்தினார். சௌந்திரம் பின்பலகைக்குள் குனிந்து, மூன்றாவது கட்டையின் பச்சை ஒயரையும் நீல ஒயரையும் கழற்றி, நூல் கட்டியிருந்த திருகாணிகளுக்கே திருப்பி மாட்டினார். அதே பாட்டு; அதே அடி. ஆர்கன் பளீரென்று மின்னியது. அந்த மினுக்கத்தில் குரல் மங்கி, சொற்கள் உருவழிந்தன.

"மைக்கைக் கொறச்சிட்டீங்களா?" என்று கண்ணைத் திறந்தார் மணிமாறன்.

"மைக் பக்கம் யாருமே போகலீங்க. மாறுனது ரெண்டு ஒயர்தான்" என்றார் வாணி. காளிதாஸ் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் வண்டி பாக்கறவ" என்று வாணி தொடர்ந்தார். "வளைஞ்சது என்னன்னு எல்லாரும் பாப்பாங்க. நான் வளையாதது எதுன்னுதான் மொதல்ல பாப்பேன். இந்தப் பொட்டியில எழுவத்திரண்டு ஒயர். மாத்துனது பதினாலு. ஏழு கட்டையில, ஒவ்வொண்ணுலயும் அதே பச்சை, அதே நீலம். ஆறு, ஏழு, எட்டுன்னு இருந்ததை ஒண்ணு ரெண்டுக்குக் கொறச்சிருக்காங்க. கெடுக்கோணும்னு வந்தவங்க இவ்வளவு கணக்கா கெடுக்க மாட்டாங்க. அதுக்கு மேல, பழைய எடம் ஒவ்வொண்ணுலயும் நூல் கட்டி வெச்சிருக்காங்க, திருப்பி மாட்டறதுக்கு வசதியா. எதிரி அப்படி வெப்பானா?"

"அப்ப எதுக்குங்க மாத்தோணும்?" என்றார் மணிமாறன்.

"தொடாத கட்டை அதைச் சொல்லுச்சு. ஆறாவது கட்டை, ஐயா தனியா வாசிக்கறது. அதுல யாரும் பாட மாட்டாங்க. குரல் வர்ற எடத்துல மட்டும் ஒலிய ஒதுக்கி வழி உட்டிருக்காங்க. குரல் வராத எடத்துல ஐயாவோட ஒலிய அப்படியே உட்டுட்டாங்க. இது குரலுக்காகப் பண்ணுன வேலை. இனி நீங்களே சொன்னதை நெனச்சுப் பாருங்க. குரல் எடுபடாம எத்தனை நாள்? ரெண்டு மாசம். பொட்டி ரிப்பேராகி எத்தனை நாள்? அதுவும் ரெண்டு மாசம். பொட்டிக்குத் தொண்டை கட்டியிருந்த காலத்துல, ஐயா பச்சையும் நீலமும் தூக்கி வெச்சாரு. அன்னைக்கு அது சரி. சௌந்திரம் அடைப்பை எடுத்ததும் அந்த ரெண்டும் ரெண்டு மடங்காயி, பாடறவங்க குரல் இருக்கற எடத்துலயே வந்து உக்காந்துக்கிச்சு. ஐயா பண்ணுனதுலயும் தப்பில்லை, சௌந்திரம் பண்ணுனதுலயும் தப்பில்லை. குரலுக்கும் ஒண்ணும் ஆகலை."

தனபாலால் அடக்க முடியவில்லை. "அப்ப அந்த விபூதி?"

"விபூதி இல்லீங்க, அடுப்புச் சாம்பல். முடிச்சுப் போடாம இழைய முறுக்கி இணைக்கறவங்க, விரல் வழுக்காம இருக்க அதைத் தொட்டுக்குவாங்க. நீங்க சுண்ணாம்பான்னு கேட்டீங்களே, அந்த டப்பாவுல இருந்தது அதுதான். அப்புறம், எத்தனை ஒயர்னு நான் யாருகிட்டயும் சொல்லலை. ஒருத்தங்க மட்டும் ரெண்டுன்னு சொன்னாங்க. ஒயர்னு கூடச் சொல்லலை..."

"இழைன்னு சொல்லிட்டேனுங்க" என்றாள் இலக்கியா.

அவள் எழுந்து நின்றிருந்தாள். "நான்தானுங்க பண்ணுனேன். சௌந்திரம் அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. திங்கக்கிழமையே சொல்ல வந்தேன், இந்தம்மாதான் பொறுக்கச் சொன்னாங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க, காதுல கேட்டாத்தான் நம்புவீங்கன்னு நெனச்சேன்" என்று வாணி மணிமாறனிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார். "எப்படிக் கண்டுபிடிச்சே கண்ணு?"

"குரல் போயிருச்சுன்னு நானும் நம்பிட்டேனுங்க. ஒரு மாசம் வெந்நீராக் குடிச்சேன். அப்புறம் ஒருநாள் ஐயா வரலை, ஆர்மோனியம் வெச்சுப் பாடுனோம். அன்னைக்குக் குரல் நல்லா இருந்துச்சு. அப்பத்தான் பொட்டி மேல சந்தேகம் வந்துச்சு. பின்னாடி ஒயர் எப்படின்னு ஐயா வர்றவங்களுக்கெல்லாம் சொல்றதைப் பத்து வருசமாக் கேட்டிருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் வந்தேன். என் பாட்டை ஃபோன்ல பதிஞ்சு ஓட உட்டேன். கட்டை அமுங்கியே நிக்கற மாதிரி இடுக்குல காகிதத்தை மடிச்சுச் செருகி, ஆர்கனையும் பேச வெச்சேன். ஒவ்வொரு இழையாக் கழட்டிக் கேட்டேன். பச்சையும் நீலமும் கழட்டுனப்ப, நான் வெளிய வந்துட்டேனுங்க."

வெளிய வந்துட்டேன் என்று அவள் சொன்ன விதத்தில் சௌந்திரம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயாகிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார் மணிமாறன், மெதுவாக.

"உங்க பொட்டி என் குரலை முழுங்குதுன்னு எப்படிங்க சொல்ல? குரல் போனவ சாக்குச் சொல்றான்னு நெனப்பீங்க. பாடுனா உங்களுக்கே தெரியும், தெரிஞ்ச பின்னாடி சொல்லிக்கலாம்னு இருந்தேன். பாடவே உடாம ஒத்திகை நின்னு போச்சு. பிடிக்கலைன்னா திருப்பி மாட்டறதுக்குத்தான் நூல் கட்டுனேன். இப்பவே மாட்டிடறேனுங்க."

அவள் ஆர்கனின் பின்பக்கம் போகத் திரும்பினாள். காளிதாஸ் கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரே மத்தியானத்துல ஏழு கட்டையா?"

"ஆமாங்க."

"எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்றார் காளிதாஸ். "நான் என் கைக்குக் கேட்டு வெச்சேன். நீ பாட்டுக்குக் கேட்டு வெச்சிருக்கே. மோசமில்லைன்னு அன்னைக்கே என் காதுக்குத் தெரிஞ்சுது, மனசுதான் ஒத்துக்கலை." பிறகு சௌந்திரத்தைப் பார்த்தார். "அம்மணி, மூணாவது கட்டைய இந்தப் புள்ளை வெச்ச மாதிரியே மாட்டிருங்க. அந்த நூலையெல்லாம் அறுத்துப்போடுங்க."

மணிமாறன் எழுந்து சௌந்திரத்தின் முன்னால் வந்து நின்றார். கைகளைக் கூப்பினார். "பட்டறைக்கு நானே வந்து மொதலாளிகிட்டச் சொல்றேனுங்க."

"இப்பவே போலாம் வாங்க" என்றார் சௌந்திரம், திருகாணியை இறுக்கியபடியே. "ஒரு வண்டி பாதியில நிக்குது."

படியிறங்கும்போது மணிமாறன் ஈரோட்டுப் பாடகிக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை பதிவுக்கு வாணியும் தனபாலும் அழைக்கப்பட்டிருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும், அதுவரை யாரிடமும் பேசாதிருந்த சென்னை ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ஐயா, நிறைய ஆர்கன் பதிஞ்சிருக்கேன். பாடுறவங்களுக்கு இப்படி வழி விட்டு நிக்கிற ஆர்கனை நான் கேட்டதில்லை. இந்த ஒலி யார் அமைச்சது?"

பதிவின்போது காளிதாஸ் இருக்கையை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. இப்போது எழுந்தார்.

"பாடுச்சே, அந்தப் புள்ளைதானுங்க. இலக்கியா. பேர் போடறப்ப ரெண்டு எடத்துல போடுங்க. பாட்டுக்கு ஒருதரம், ஆர்கனுக்கு ஒருதரம்."